புளியங்கொட்டை விழாத கை

வாங்க தம்பி, உக்காருங்க. பியானோப் பக்கம் இப்பப் போகாதீங்க. முதல்ல காப்பியக் குடிங்க, அது எங்கயும் ஓடிராது. எங்க அப்பா காலத்துலேருந்து அந்தச் சுவத்தோரமாத்தான் நிக்குது. மெட்ராஸ்லேருந்து ராத்திரி ரயிலா? தூக்கம் இருந்திருக்காது. உங்க பையப் பாத்தாலே தெரியுது, உள்ள சுத்தியும் ஸ்பேனருமா வச்சிருப்பீங்க. அதுக்கெல்லாம் வேலை இருக்காது. இத முன்னாலயே சொல்லிட்டா உங்களுக்கும் நல்லது, எனக்கும் நல்லது.

உங்கள வரவழைச்சது எங்க வீட்டுக்காரரு, எங்க அத்தான். நான் இல்ல. ஒவ்வொரு வருஷமும் மழை முடிஞ்சதும், "சுகிர்தா, ஒரு ஆளக் கூப்பிட்டு பியானோவுக்குச் சுருதி பாத்திருவோமா"ன்னு கேப்பாவ. "என்ன குறை கண்டீங்க?"ம்பேன். உடனே பேப்பர எடுத்து மூஞ்சிய மறச்சுக்கிடுவாவ. முந்தி நாகர்கோவில்லேருந்து சாலமன் அண்ணன்னு ஒருத்தர் வந்துக்கிட்டிருந்தாரு. அவர் காலமான பிறகு நான் யாரையும் கை வைக்க விடல. நல்லா இருக்குறத எதுக்கு நோண்டணும்?

இந்தத் தடவை மட்டும் சரின்னேன். ஏன்னா நீங்க எனக்கு ஒரு காரியம் செய்யணும். கோமதின்னு ஒரு பிள்ள, ஏழு வயசு, கோமுன்னு கூப்பிடுவோம். இன்னும் கொஞ்ச நேரத்துல அவ அம்மா அவளக் கூட்டிட்டு வாராங்க. அவங்க முன்னால நீங்க பியானோவ அடிச்சுப் பாத்துட்டு, "ஒரு குறையும் இல்லம்மா, டீச்சர் சொன்னதுதான் சரி"ன்னு ஒரு வார்த்தை சொல்லணும். வேற ஒண்ணும் வேண்டாம். அந்த ஒரு வார்த்தையில பிள்ள எனக்குத் திரும்ப வந்திருவா.

நீங்க நல்லாப் பேசுதீங்க தம்பி. எதுக்க நின்னு, வாயத் தெறந்து, நிறுத்தி நிதானமா. நல்ல வளர்ப்பு. எங்க பாளையங்கோட்டையில எல்லாரும் அப்படித்தான். எங்கிட்டப் பேசணும்னா பிள்ளைங்களோட தகப்பன்மார் கூட நேரா முன்னால வந்து நின்னுதான் பேசுவாங்க. டீச்சர்ங்குற மரியாதை. இந்தக் காலத்துப் பிள்ளைங்கதான் மோசம். எல்லாம் வாய்க்குள்ளயே பேசுது. செல்போனப் பாத்துப் பாத்து உதட்ட அசைக்கவே மறந்துட்டு.

ஸ்டேஷன்லேருந்து வரும்போது அத்தான் வழியெல்லாம் உங்ககிட்டப் பேசிக்கிட்டே வந்தாவளோ? ஆட்டோவுலேருந்து இறங்கும்போது பாத்தேன், நீங்க தலைய ஆட்டிக்கிட்டே வந்தீங்க. அவுக அப்படித்தான், வெளிய யார் கிடைச்சாலும் பேசுவாவ. வீட்டுலதான் வாயத் தெறக்கிறதில்ல. எல்லாத்தையும் சைகையில முடிச்சிருவாவ. சாப்பாடு வேணும்னா வயித்தத் தட்டுவாவ. நாப்பது வருஷமா பிள்ளைங்களுக்குக் கணக்குச் சொல்லிக்குடுத்த மனுஷன், தொண்டை தேஞ்சு போயிருக்கும்.

என் முறை என்னன்னு கேட்டீங்கல்லா, சொல்லுதேன். இந்த வீட்டுக்குப் படிக்க வார பிள்ள எடுத்த எடுப்புல பியானோவத் தொடக் கூடாது. பலகையிலதான் வாசிக்கணும். அந்தா, சாப்பாட்டு மேசை மேல இருக்கு பாருங்க. வாகை மரம். ஆசாரிகிட்டச் சொல்லிச் செஞ்சேன். கட்டை அளவு, இடைவெளி எல்லாம் பியானோவுல இருக்குற மாதிரியே. வெள்ளையும் கறுப்பும் நானே பெயிண்ட் அடிச்சேன். பிள்ள நாற்காலியில நிமிந்து உக்காரணும், புறங்கையில ஒரு புளியங்கொட்டைய வைப்பேன், அது விழாம வாசிக்கணும். விழுந்தா முதல்லேருந்து. இதான் சட்டம். கடைசி வரியில விழுந்தாலும் முதல்லேருந்துதான்.

ஆரம்ப காலத்துல நானும் மத்தவங்க மாதிரி பியானோவுல உக்கார வச்சுத்தான் சொல்லிக்குடுத்தேன். லொட்டு லொட்டுன்னு ஒரே சத்தம். பிறகு ஐம்பது வயசு தாண்டுன சமயத்துல எனக்கு ஒண்ணு புரிஞ்சது. சத்தத்துக்கும் சங்கீதத்துக்கும் சம்பந்தமே இல்ல தம்பி. எல்லாம் விரல்லதான் இருக்கு. விரல் சரியா இருந்தா சத்தம் தானா சரியா இருக்கும். நான் பிள்ளைங்களக் கேக்குறதே இல்ல. பாக்கேன். பாத்தே சொல்லிருவேன், இந்த இடத்துல மோதிர விரல் பயந்துட்டு, அந்த இடத்துல கட்டைவிரல் திமிர் காட்டுதுன்னு. வேற எந்த டீச்சராவது சொல்லட்டும் பாப்போம்.

சிரிக்காதீங்க, நிசம். ஒரு டாக்டர், மகளச் சேத்துட்டு வந்து கேக்காரு, "பியானோ க்ளாஸ்னு சொன்னீங்களே டீச்சர், பிள்ள மரப்பலகையத் தட்டிக்கிட்டிருக்கே"ன்னு. "மாவு அரைக்காமத் தோசைக்கல்ல அடுப்புல போடுவீங்களா டாக்டர்"னு கேட்டேன். 

சின்னப் பிள்ளைங்களுக்குச் சொல்லிக்குடுக்க ஒரு கை வேணும். அதட்டக் கூடாது. கட்டைவிரல் மாமா, சுண்டுவிரல் கடைக்குட்டி. கடைக்குட்டி எப்பவும் தூங்கிரும், மத்த விரல் போய் எழுப்பணும். உள்ளங்கைக்குள்ள ஒரு கோழிக்குஞ்சு இருக்குன்னு சொல்லுவேன், நசுக்காமப் பிடின்னு. ஒரு பையன் குஞ்சு செத்துப்போச்சுன்னு அழுதான். நான் பிறகு குஞ்சு முழிச்சிட்டுன்னு சொல்லி ஒரு பன்னும் வாங்கிக் குடுத்தேன். என் பிள்ளைங்க கையப் பாத்து லண்டன் பரீட்சைக்காரங்களே அசந்து போவாங்க. "கைகள் மிக அழகு"ன்னு எழுதியே குடுத்திருக்காங்க.

ஒரே ஒரு இடத்துலதான் மார்க்கு போகும். காது பரீட்சைன்னு ஒண்ணு வைப்பாங்க. பரீட்சைக்காரர் ஒரு சத்தத்த அடிப்பாரு, பிள்ள அதத் திருப்பிப் பாடணும். அதுல என் பிள்ளைங்களுக்கு மட்டும் வருஷா வருஷம் குறையுது. வேற ஒண்ணுமில்ல, சீமைலேருந்து வாரவங்களுக்கு நம்ம ஊர் தண்ணி ஒத்துக்கிடாது. ஜலதோஷம் பிடிச்சிரும். மூக்கடைச்சா காதும் அடைக்கும்லா. நம்ம பிள்ள சரியாத்தான் பாடியிருக்கும், அவங்களுக்குக் கேட்டிருக்காது.

அப்புறம் இன்னொண்ணு. இந்த ஊர்ல வீடு மாத்திக்கிட்டே இருக்காங்க. நல்லாப் படிச்சிக்கிட்டிருக்கும், பலகை முடிஞ்சு பியானோவுக்கு வரும், நாலு வாரத்துல அம்மாக்காரி வந்து, "டீச்சர், வீடு மாத்துதோம், தூரமாப் போறோம்"ம்பாங்க. பிறகு மார்க்கெட்டுல பாத்தா அதே தெருவுலேருந்துதான் பை தூக்கிட்டு வாராங்க. வீடு அமைஞ்சிருக்காது, பாவம். நான் கேக்கிறதில்ல.

அந்தப் பல்பையா பாக்கீங்க? அது அத்தானோட கிறுக்கு. காலிங் பெல்லக் கழட்டிட்டு அதுக்குப் பதிலா சிவப்பு பல்பு மாட்டியிருக்காவ. வெளிய சுவிட்ச அமுக்குனா உள்ள எரியும். பெல் அடிச்சா உனக்குத் தலைவலி வருதுல்லான்னாவ. வந்ததா எனக்கு ஞாபகமில்ல. அடுக்களையிலயும் ஒண்ணு, படுக்குற ரூம்ல ஒண்ணு. கிறிஸ்மஸ் மாதிரி இருக்குன்னு விட்டுட்டேன். இந்தக் காலத்துச் சாமான் எதுவும் சரியில்ல தம்பி. குக்கர் மூணு கம்பெனி மாத்திட்டேன், ஒண்ணுக்கும் விசில் வரல. ஆவி மட்டும்தான் வருது. இப்பல்லாம் குக்கர் வச்சா அவுகளே வந்து நின்னு அடுப்ப அணைக்காவ. மாமரத்துல குருவி அப்படியேதான் இருக்கு, கத்துறதுதான் இல்ல. டவர் வச்சதுலேருந்துன்னு சொல்லுதாங்க.

கோமுவுக்கு வாரேன். காப்பி ஆறிரும், குடிங்க.

அவ அப்பா கரண்ட் ஆபீஸ்ல வேலை. வீட்டுல யாருக்கும் பாட்டு, கூத்து ஒண்ணும் தெரியாது. பிள்ளதான் பியானோன்னு ஒத்தக் கால்ல நின்னிருக்கா. முதல் நாள் கைய வாங்கிப் பாத்தேன் தம்பி. எத்தனையோ பிள்ளைங்க கையப் பிடிச்சிருக்கேன், இந்த மாதிரி ஒரு கை நான் பாத்ததில்ல. புளியங்கொட்டைய வச்சா அது பாட்டுக்கு உக்காந்திருக்கும், கீழ விரல் ஓடிக்கிட்டிருக்கும். மேல ஒருத்தர் உக்காந்திருக்கார்ங்குறதே விரலுக்குத் தெரியாது. எனக்குப் பிள்ளையில்ல, தெரியுமா? அந்தக் குறைய நான் நினைக்கிறதில்ல. அந்தக் கையப் பாத்த அன்னைக்கு நினைச்சேன்.

ஒரே ஒரு கெட்ட பழக்கம். எப்பப் பாத்தாலும் வாய்ல எதையாவது போட்டு மென்னுக்கிட்டே இருப்பா. பலகையில கை வச்ச உடனே வாய் அசைய ஆரம்பிச்சிரும். "ஏட்டி, என்ன மெல்லுத? துப்பு"ம்பேன். ஒண்ணுமில்லன்னு தலைய ஆட்டுவா. வாயத் தெறக்கச் சொல்லிப் பாத்தா ஒண்ணும் இருக்காது. முழுங்கிருவா போல. ஒரு நாள் நல்லாத் திட்டிட்டேன். அதுலேருந்து வாய இறுக்கி மூடிக்கிட்டு வாசிப்பா. வாய் அசையாது, ஆனா கழுத்து மட்டும் என்னமோ பண்ணும். கழுதை, தொண்டைக்குள்ள வச்சு மெல்லுதாளோன்னு நினைச்சேன்.

பலகை முடிஞ்சு பியானோவுல உக்காருற நாள எங்க வீட்டுல கட்டை ஏறுற நாள்னு சொல்லுவோம். பிள்ள வீட்டுலேருந்து கேசரி கிண்டிக் கொண்டு வருவாங்க. நான் ஒரு சின்ன ஜெபம் பண்ணுவேன். எங்க சாமியும் கோவிச்சுக்கிடாதுன்னு கோமு அம்மாவும் கண்ண மூடிக்கிட்டாங்க. ஒரு சின்னத் தாலாட்டு, பலகையில மாசக் கணக்குல வாசிச்சது. வீட்டுல அவ அம்மா போன்ல அதப் போட்டுப் போட்டுக் காட்டியிருக்காங்க. அவ உக்காந்தா. கைய வச்சா. என் நெஞ்சு அடிச்சுக்கிடுது தம்பி, கல்யாணத்தன்னைக்குக் கூட அப்படி அடிக்கல.

கை அப்படியே பூவா இறங்குது. ரெண்டு வரி போச்சு. மூணாவது வரியில கை நின்னுட்டு. பிள்ள என்னத் திரும்பிப் பாக்கா. கஷாயம் குடிச்ச மூஞ்சி.

"டீச்சர், இது தப்பாச் சொல்லுது."

"எது?"

"பியானோ. நான் சரியாத்தான் அமுக்குதேன். இது தப்பாச் சொல்லுது. நான் பலகையிலயே வாசிக்கேனே டீச்சர்."

ஏழு வயசுக் கழுதை சொல்லுது தம்பி, ஜெர்மன்காரன் செஞ்ச பியானோவப் பாத்து! நான் அதட்டாதவ. அன்னைக்கு அதட்டிட்டேன். "விரல் சரியா இருந்தா சத்தமும் சரி. வாசி"ன்னேன். வாசிச்சா. மேல் கட்டைங்களுக்குப் போகப் போகக் கண்ணுலேருந்து தண்ணி கொட்டுது. ஆனா கை மட்டும் நிக்கல. அந்தப் பக்கத்துலேருந்து அத்தான் வந்து பிள்ள தலையத் தடவி, "கொஞ்சம் பொறுத்துக்கோ தாயி"ன்னாவ. "எதப் பொறுத்துக்கணும்?"னு நான் கேட்டேன். அடுக்களைக்குப் போயிட்டாவ. குக்கர் அடுப்புல இருந்ததாம்.

அதோட சரி. பிள்ள வரல. அவ அம்மா வீடு மாத்துதோம்னு கூடச் சொல்லல. "பியானோவச் சரி பண்ணுனா வாரேங்கா டீச்சர்"னு நேராச் சொல்லிட்டாங்க. இப்ப செல்போன் கடைக்குப் பக்கத்துல ஒரு பையன் கீபோர்டு சொல்லிக்குடுக்கான், அங்க போறா. போன வாரம் நான் போய்ப் பாத்தேன். உள்ள போகல, ரோட்டுக்கு அந்தப் பக்கம் பஸ் ஸ்டாப்புல நின்னு ஜன்னல் வழியாப் பாத்தேன். மணிக்கட்டு தொங்குது தம்பி. கடைக்குட்டி நட்டுக்கிட்டு நிக்குது. நான் சொல்லிக்குடுத்த கை எல்லாம் போச்சு. ஆனா வாயப் பொளந்துக்கிட்டு, சிரிச்சுக்கிட்டு வாசிக்கா. எனக்கு அழுகை வந்துட்டு. பஸ் ஸ்டாப்புல எல்லாரும் பாக்காங்க, கண்ணுல தூசின்னு சொன்னேன். இங்க இருந்த வரைக்கும் அந்தப் பிள்ள ஒரு தடவ கூடச் சிரிச்சதில்ல.

அதான் உங்களக் கேக்கேன். ஒரு வார்த்தை. பெரிய ஊர்லேருந்து வந்த ஆள் சொன்னா நம்புவாங்க.

பல்பு எரியுது பாருங்க. வந்துட்டாங்க. அத்தான், கதவத் தெறங்க.

வாங்கம்மா, உள்ள வாங்க. கோமு, வாட்டி. நகம் வெட்டலியா? சரி, அப்படி உக்காரு. இவருதான் மெட்ராஸ்லேருந்து வந்திருக்காரு. தம்பி, இப்ப அடிச்சுப் பாருங்க. கீழேருந்து வாங்க.

ம். நல்லா இருக்கு. கோயில் மணி மாதிரி இருக்கு. ம். ம். மேல போங்க. ம். இனிமே கொஞ்சம் அடக்கமாத்தான் பேசும், மேல் கட்டையெல்லாம் எப்பவும் அப்படித்தான், நல்ல குடும்பத்துப் பியானோ. அடிங்க. என்ன தயங்குதீங்க? ரயில் அலுப்பா? அடிங்க தம்பி, அமுக்குனா மட்டும் போதாது.

அடிச்சிட்டீங்களா?

இல்ல, விரல் இறங்குனதப் பாத்தேன். திரும்ப அடிங்க.

ஏம்மா நீங்க பல்லக் கடிக்கீங்க? அத்தான், உங்களுக்கு என்ன, மூஞ்சி ஏன் அப்படிப் போகுது? பூனை எதுக்கு எந்திரிச்சு வெளிய ஓடுது? தம்பி, கைய எடுங்க. ஒரு நிமிஷம் எடுங்க.

இப்ப மறுபடியும். நான் உங்க கையப் பாக்கல. இவங்க மூஞ்சியப் பாக்கேன். ம், அடிங்க.

சரி.

கோமு, என்னட்டி எல்லாரும் ஒன்னப் பாக்காங்க? திரும்ப மெல்ல ஆரம்பிச்சிட்டியா? வாயத் தெற. தெறந்துதான இருக்கு. ஒண்ணும் இல்லியே. இங்க வா, பக்கத்துல வா. பயப்படாத, திட்ட மாட்டேன். தம்பி, இவ என்ன செய்யுதா? நேரா என்னப் பாத்துச் சொல்லுங்க.

பாடுதாளா?

கழுத்தக் காட்டு. பொறு, என் கையத் தட்டி விடாத. உள்ள நடுங்குது தம்பி. சின்னதா, விடாம நடுங்குது. பாடு, நிறுத்தாத. நீங்க அடிக்க வேண்டிய சத்தம் இதுதானா? சரியா இதுதானா?

அப்ப அவ மெல்லல. அத்தனை நாளும் பாடிக்கிட்டிருந்திருக்கா. நான் துப்பச் சொல்லியிருக்கேன்.

இல்ல அத்தான், நீங்க ஒண்ணும் சொல்ல வேண்டாம். எப்பலேருந்துன்னு நான் கேக்க மாட்டேன். கேட்டா நீங்க சொல்லிருவீங்க. எனக்கு லேசா ஜலதோஷம், அவ்வளவுதான். காலையிலேருந்தே மூக்கடைப்பு. நீங்க போய் இவங்களுக்குக் காப்பி கொண்டு வாங்க. போங்க. தோளத் தொடாதீங்க அத்தான், எல்லாரும் இருக்காங்க.

தம்பி, பையத் தெறங்க. சுத்தி, ஸ்பேனர் எல்லாத்தையும் எடுங்க. முன்னால சொன்னத மறந்திருங்க. கோமு, நீ அந்த ஸ்டூல்ல ஏறி உக்காரு. இந்த மாமா ஒவ்வொரு கட்டையா அடிப்பாரு. நீ பாடிப் பாத்து, ரெண்டும் ஒண்ணா இருந்தா மட்டும் தலைய ஆட்டணும். அவர் பெரியவருன்னு ஆட்டாத. டீச்சர் முறைக்காளேன்னும் ஆட்டாத. கைய நான் பாத்துக்கிடுதேன். கேக்குறத நீ பாத்துக்கிடு.

அந்தப் புளியங்கொட்டை எங்க? எடு. உனக்கில்ல. என் புறங்கையில வை. இப்படித்தான, கோழிக்குஞ்சு உள்ள இருக்கு, இப்படித்தான.

நிக்க மாட்டேங்குது பாரு. விழுந்துட்டு.

விழுந்தா என்ன சட்டம்? சொல்லு. அங்க பாத்துச் சொல்லாத, என் மூஞ்சியப் பாத்து, வாய நல்லாத் தெறந்து சொல்லு.

ஆமா. முதல்லேருந்து.